பிரிஸ்கில்லா டெய்லர் தைத்த ஹாம்

திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் பிரிஸ்கில்லாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கும் பெண்கள் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அளவு ரவிக்கை இல்லாமல் கடைப்படி ஏறக்கூடாது. உடம்பில் டேப் வைத்து அளப்பதில் பிரிஸ்கில்லாவுக்கு நம்பிக்கை கிடையாது. "ஒடம்பு இன்னைக்கு ஒண்ணு சொல்லும், விசேசத்தன்னைக்கு ஒண்ணு சொல்லும். ரவிக்கை பொய் சொல்லாதுடி" என்பார். பெரிய உத்தியோகத்தில் இருக்கும் அம்மாள் ஒருவர் ஒருமுறை வெறுங்கையோடு வந்து, "அளவு எடுத்துக்கங்களேன்" என்று இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "கையை எறக்குங்கம்மா, இது போலீஸ் டேசன் இல்ல. வீட்டுக்குப் போயி அளவு எடுத்துட்டு வாங்க" என்று பதில் வந்தது. ஊருக்கெல்லாம் உத்தரவு போடும் அந்த அம்மாள், ஆட்டோ பிடித்துப் போய் எடுத்துவந்தார்.

பிரிஸ்கில்லா தைத்த ரவிக்கையையே அளவாகக் கொண்டுபோய் வேறு டெய்லரிடம் நீட்டிவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு பிடிப்புப் பிடித்துத் தைத்திருப்பார். ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்பதே அந்தப் பிடிப்பால்தான். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பிரித்துப் பார்த்தால் நூலோடு நூலாகப் போய்விடும். நாகல் நகரில் ஒரு டெய்லர் அதைத் தேடிப் பிரித்துப் பிரித்து, கடைசியில் அந்த வாடிக்கைக்காரிக்குத் தலையணை உறை தைத்துக் கொடுத்ததாகக் கேள்வி.

இப்படிப்பட்டவருக்குத்தான், கண்ணால் பார்த்தேயிராத ஒரு பொருளை அளவே இல்லாமல் செய்து முடிக்க வேண்டிய நெருக்கடி வந்தது. அதை அவர் தானே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை.

பிரிஸ்கில்லாவுக்கு ஒரே மகள் ஜீவிதா. புருசன் போன பிறகு, தையல் மிசினை மிதித்து மிதித்தே அவளைப் படிக்கவைத்து, மே மாதம் போத்தனூர் ஜெரோமுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். வருவது தலைக் கிறிஸ்மஸ். தலை தீபாவளி யாருக்குச் சொந்தமோ அவர்களுக்கே தலைக் கிறிஸ்மஸும் சொந்தம், அதாவது பெண் வீட்டுக்கு. வேட்டி, சேலை, மோதிரம் எல்லாம் பிரிஸ்கில்லா எடுத்து வைத்துவிட்டார். டிசம்பர் பிறந்ததும் போத்தனூர்ச் சம்பந்தியம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க சம்பந்தி, பசங்கள அனுப்பறதுல ஒண்ணுமில்லைங்க. வழக்கம்னா வழக்கந்தானுங்க. ஆனா பாருங்க, எங்கூட்ல ஹாம் வெட்டாம கிறிஸ்மஸ்ஸே வந்ததில்லைங்க. ரயில்வே காலனில வெள்ளக்காரங்க குடும்பம் இருந்தப்ப எங்க மாமியா கத்துக்கிட்டது. ஜெரோமு அது இல்லாம மத்தியானச் சோத்துல கை வெக்க மாட்டானுங்க. அதனால நடுச்சாமப் பூசைய அங்க பாத்துட்டு, விடிஞ்சதும் வண்டி ஏத்தி உட்டீங்கன்னா மத்தியானத்துக்கு இங்க வந்துருவாங்க."

பேச்சு தேனாக இருந்தது. கணக்கு என்னவென்றால், பூசை பெண் வீட்டுக்கு, சாப்பாடு மாப்பிள்ளை வீட்டுக்கு. சாப்பாடு இல்லாத பண்டிகையைத் திண்டுக்கல்லில் பண்டிகை என்று யாரும் சொல்வதில்லை. அதற்குப் பெயர் விரதம். புருசன் போனதிலிருந்து கிறிஸ்மஸ் மத்தியானம் அந்த வீட்டில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இந்த வருசம் எதிரே காலி நாற்காலி என்று நினைத்ததும் பிரிஸ்கில்லாவின் நாக்கு அவரைக் கேட்காமலே புறப்பட்டுவிட்டது.

"ஹாம்தானே சம்பந்தி? அது இல்லாம இங்க மட்டும் எலை போடுவமா? மாப்ள இங்கயே வெட்டட்டும். நீங்களும் வந்துருங்க."

அந்த நிமிடம் வரை ஹாம் என்றால் கடிப்பதா குடிப்பதா என்று அவருக்குத் தெரியாது.

சம்பந்தியம்மா கொஞ்சம் யோசித்தார். "அட, உங்கூட்லயும் உண்டுங்களா? அப்பறம் என்னங்க, ஹாம் இருக்கற ஊட்லதான் கிறிஸ்மஸ். நானும் வாரனுங்க" என்றார். அந்தக் குரலில் விருந்தாளியும் இருந்தார், பரிசோதகரும் இருந்தார்.

மகளுக்குப் போன் போனது. ஜீவிதா குசுகுசுவென்று சொன்னாள். "பன்னித்தொடைம்மா. முழுத் தொடை. உப்புத்தண்ணில போட்டு, வேகவச்சு, மேல இனிப்பா எதையோ பூசி மினுமினுன்னு கொண்டாருவாங்களாம். அடுப்படிக்குள்ள யாரையும் விட மாட்டாங்களாம்மா."

"சரிடி, அளவுக்கு ஒரு துண்டு மட்டும் அனுப்பி விடு. பாத்துச் செஞ்சுருவேன்."

"அம்மா! அது கிறிஸ்மஸுக்கு மட்டுந்தான் செய்வாங்க. நானே இன்னும் பாத்ததில்ல!"

அளவு கிடையாது என்று ஆயிற்று. ஆனால் வாடிக்கைக்காரிகளின் வாயைப் பிடுங்கியே வாழ்ந்தவர் பிரிஸ்கில்லா. யாரிடம் எதைக் கேட்டாலும் சொல்ல மாட்டார்கள், தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க மாட்டார்கள் என்பது அவர் கண்ட உண்மை. சம்பந்தியைக் கூப்பிட்டு நலம் விசாரித்துவிட்டு, போகிற போக்கில், "நாங்க மொளகாத்தண்ணிலதான் ஊற வைப்போம்" என்றார்.

"ஐயையோ, மொளகாயா? உப்பும் வெல்லமும் கரைச்ச தண்ணிங்க! ஒரு வாரம் பிரிஜ்ஜுல கெடக்கோணும்!"

"அதத்தான் சொன்னேன். அப்பறம் எண்ணெயில பொரிச்சு..."

"பொரிக்கறதாவது! வேகவெச்சு, தோல உரிச்சு, கொழுப்பு மேல கட்டம் கட்டமாக் கீறி, கிராம்பு குத்தோணுமுங்க!"

இரண்டே போன். செய்முறை முழுக்க வந்துவிட்டது. விட்டுப்போனது ஒன்றே ஒன்று. அதைப் பற்றித் தப்பாகச் சொல்ல வேண்டும் என்று பிரிஸ்கில்லாவுக்குத் தோன்றவில்லை, அதனால் சம்பந்திக்குத் திருத்தவும் வாய்க்கவில்லை. ஊறிய தொடையைக் கழுவி உப்பை இறக்கிவிட்டுத்தான் வேகவைக்க வேண்டும்.

உருவம் எப்படி என்ற கேள்விக்கும் விடை வீட்டிலேயே இருந்தது. பழைய கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளைக் கிளறியபோது, பனிமரம், மெழுகுவத்திக்கு நடுவே ஒரு தட்டில் பளபளவென்று ஒன்று உட்கார்ந்திருந்தது. இத்தனை வருசமும் அதை அந்த வீட்டில் பலாப்பழம் என்றே நம்பி வந்திருந்தார்கள். பிரிஸ்கில்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றி உற்றுப் பார்த்தார். சாய்சதுரக் கட்டங்கள், ஒவ்வொரு முனையிலும் ஒரு புள்ளி. சிரித்துவிட்டார்.

"ஏடி மூக்காயி, இங்க பாரு. கல்லு வச்ச கல்யாண ரவிக்கை முதுகு!"

மூக்காயி செம்பட்டிப் பக்கத்துக்காரர். அந்தக் கடையில் கொக்கி வைப்பது, ஓரம் அடிப்பது, இஸ்திரி போடுவது, பிரிஸ்கில்லா சொல்வதற்கெல்லாம் எதிர்ச்சொல் சொல்வது ஆகிய பொறுப்புகளை வகித்துவந்தார். அட்டையைப் பார்த்துவிட்டு, "இத யாருக்கா மாட்டிக்கப் போறது?" என்றார்.

எரியோட்டில் வெள்ளைப்பன்றி வளர்த்து ஞாயிற்றுக்கிழமை கறி விற்கும் ஒச்சப்பனுக்குச் சொல்லி அனுப்பியானது. தொடையோடு வந்தவருக்கு, வெட்டாமல் முழுசாக வேண்டும் என்றதும் முகம் வாடிவிட்டது. கத்தியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"செத்த நேரந்தான் தாயி, நாலு போடு போட்டுத் தாரேன். கொழம்புக்குத் தோதா இருக்கும்."

"தொட்டீன்னா பாரு. கத்திரிபடாத துணியா வேணும் எனக்கு."

"முழுசா வச்சு என்ன தாயி பண்ணப் போற?"

"தைக்கப் போறேன்."

ஒச்சப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். தொடை உப்பு வெல்லத் தண்ணீரில் மூழ்கி பிரிஜ்ஜுக்குள் போனது. வைப்பதற்காக இரண்டு தட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் தயிர் இல்லை.

அடுத்தது அடுப்பு. மேட்டுப்பட்டியில் பாதி வீட்டுக் கிறிஸ்மஸ் கேக் பீர் முகமதுவின் பேக்கரியில்தான் வேகும். வீட்டில் மாவு கலந்து, தட்டில் ஊற்றி, பெயரெழுதிய சீட்டைச் செருகிக் கொடுத்தால், அவர் தம் அடுப்பில் வைத்து எடுத்துத் தருவார். அந்தப் பழக்கத்தில், எதையும் யோசிக்காமல் பிரிஸ்கில்லா விறுவிறுவென்று போய், "பாய், கிறிஸ்மஸன்னைக்குக் காலைல அடுப்புல கொஞ்சம் எடம் வேணும், ஒரு தொடை..." என்று ஆரம்பித்து, "பாய்" என்ற சொல் தன் காதிலேயே விழுந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

பீர் முகமதுவும் புரிந்துகொண்டார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தேங்காய் பன்னை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குன்னா ஆயிரங் கொண்டாங்கக்கா" என்றார் பீர் முகமது, தாழ்ந்த குரலில்.

"மன்னிச்சுருங்க பாய். மண்டைக்குள்ள மக மட்டுந்தான் இருக்கா. வேறெதுவும் ஏற மாட்டேங்குது."

"அட, விடுங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்கங்க. எதா இருந்தாலும் வெந்ததுக்கப்பறம் மேல நெறம் ஏறணும்னா, தீ மேலேருந்துதான் எறங்கணும். கீழருந்து எரிச்சா அடி கருகும், தலை வெளுத்தே நிக்கும். போங்க, நல்லா வரும்." கையில் ஒரு தேங்காய் பன்னையும் கொடுத்தனுப்பினார்.

தீ மேலிருந்து இறங்க வேண்டும். வானத்திலிருந்து தீ இறங்கியதாக வேதத்தில் படித்திருக்கிறார் பிரிஸ்கில்லா. ஆனால் அதற்குத் தீர்க்கதரிசியாக இருக்க வேண்டும், டெய்லருக்கு அது வாய்க்குமா என்று தெரியவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை அவர் கோயிலில் குடில் அலங்காரத்துக்குத் துணி மடித்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். மூக்காயி வாசலிலேயே பெருமை பொங்க நின்றார்.

"யக்கா, நல்லவேளை நான் பாத்தேன். கறிய இம்புட்டு நாளா வெறுந் தண்ணில போட்டு வச்சிருக்கியே, ஒரு பொட்டு மஞ்சள் இல்லாம! உப்பு வேற உப்பளமாட்டம் கெடக்கு. மூணு தண்ணி அலசி ஊத்திட்டேன். மேல்பக்கமெல்லாங் கீறிவிட்டு, மஞ்சள அரைச்சு உள்ள ஏறத் தேச்சுட்டேன். இனிப் பயமில்ல."

செம்பட்டியிலிருந்து எரியோடு வரைக்கும், பச்சைக்கறியை மஞ்சள் இல்லாமல் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு போகக்கூடிய பெண் ஒருத்தி கிடையாது. மூக்காயி செய்தது குற்றம் என்றால் அந்த ஜில்லாவையே கூண்டில் ஏற்ற வேண்டும். ஆனாலும் பிரிஸ்கில்லா பிரிஜ்ஜைத் திறந்ததும் உள்ளே, மஞ்சள் நீராட்டுக்கு உட்காரவைத்த பெண்ணைப் போலத் தொடை தகதகவென்று இருந்தது. சாயந்தரம் சம்பந்தி வருகிறார். வெள்ளைக்காரர் காலனிச் சாப்பாட்டில் மஞ்சளைப் பார்த்தால் நாளைக் காலை முதல் வண்டிக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தக் காலி நாற்காலி அவர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பிரிஸ்கில்லா கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். அது மூக்காயிக்குக் கத்துவதைவிடப் பயமாக இருந்தது.

"என்னக்கா? தப்பாப் போச்சா? சோப்புப் போட்டுக் கழுவிரவா?"

"வேணாந்தாயி. இதுக்கு மேல அது தாங்காது."

அப்படியே கொஞ்ச நேரம் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல எழுந்து கிட்டே போனார். மூக்காயி கீறிய கீறல்கள் சாய்வாக, ஒரே இடைவெளியில் இருந்தன. எத்தனை வருசமாக ஓரம் அடித்த கை! மஞ்சள் அந்தக் கோடுகளுக்குள்தான் தோலைத் தாண்டி ஆழமாக இறங்கியிருந்தது. தப்பாகக் கத்திரி பட்ட துணியைப் பிரிஸ்கில்லா இதுவரை குப்பையில் போட்டதில்லை. தப்பு விழுந்த இடத்தில் ஒரு பூ வைத்து, அதே பூவை மறுபக்கமும் வைத்து, டிசைன் என்று சொல்லிக் கூலியைக் கூட்டி வாங்கியிருக்கிறார்.

"மூக்காயி, இது சரிகைடி" என்றார். "எதிர்ப்பக்கமும் இதே மாதிரி சாய்ச்சுக் கீறு. மஞ்சளப் போடு. அரைகொறையா இருந்தாத்தான் தப்பு."

அப்போது மூக்காயி சொன்னார்: "கீறுறேன். மொதல்ல வாடிக்கைக்காரவுகளோட அந்தக் கல்லு வச்ச ரவிக்கைய இஸ்திரி போட்டுக் குடு, தணல் ஆறுது."

கரண்டு போகும் காலத்துக்காக வைத்திருக்கும் கரி இஸ்திரிப் பெட்டி, சிரட்டைத் தணலோடு மேசையில் காத்திருந்தது. கல் வைத்த பட்டு ரவிக்கைக்கு இஸ்திரி போடுவதில் பிரிஸ்கில்லாவை மிஞ்ச ஆளில்லை. பெட்டி துணியைத் தொடாது. ஒரு விரல் உயரத்தில், கை நடுங்காமல் நகர்த்திக்கொண்டே போவார். சூடு மட்டும் இறங்கும், சுருக்கம் போகும், கல் ஒன்றும் உதிராது. பெட்டியைத் தூக்கியவர் அப்படியே நின்றார். தீ மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கிறிஸ்மஸ் விடிந்தது. சம்பந்தியம்மா அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தபோது கதவு மூடியிருந்தது. "எங்க வீட்டு வழக்கம் சம்பந்தி, இன்னைக்கு மட்டும் உள்ள யாரும் வரக்கூடாது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அந்த வழக்கத்துக்கு அப்போது அரைமணி நேர வயது.

உள்ளே அண்டாவில் வெந்த தொடையின் தோலை ரவிக்கைக்கு லைனிங் பிரிப்பது போல உரித்தெடுத்தார் பிரிஸ்கில்லா. வெள்ளைக் கொழுப்பின் மேல் மஞ்சள் கட்டங்கள் கோணாமல் நின்றன. ஒவ்வொரு முனையிலும் மூக்காயி கிராம்பு குத்தினார், கொக்கி வைக்கும் அதே முகத்தோடு. சின்னாளபட்டிப் பக்கத்துப் பன்னீர் திராட்சையைப் பிழிந்து, வெல்லம் போட்டுச் சுண்டக் காய்ச்சிய பாகை மேலே தடவினார்கள். பிறகு, புளி போட்டுத் துலக்கிய இஸ்திரிப் பெட்டி தணலோடு எழுந்தது. ஒரு விரல் உயரம். தொடாமல், நிற்காமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு. பாகு முதலில் வேர்த்தது, பிறகு சின்னச் சின்னதாகக் கொதித்தது, பிறகு இறுகிக் கண்ணாடியானது. மறுபடி பாகு, மறுபடி பெட்டி. பிரிஸ்கில்லாவின் மணிக்கட்டு வலித்தது. பெட்டி மட்டும் இறங்கவே இல்லை.

"ஏனுங்க, இஸ்திரி போடற வாசமாட்டம் வருதுங்களே?" என்று வெளியிலிருந்து கேள்வி வந்தது.

"புதுத்துணிக்குத்தாம்மா" என்றார் மூக்காயி. கிறிஸ்மஸ் அன்று பொய் சொல்லக்கூடாது என்பது அவருடைய மதத்தில் இல்லை.

மத்தியானம் மேசைக்குத் தட்டு வந்தது. சிவப்புக் கண்ணாடிக்குள் தங்கச் சரிகைக் கட்டம், முனைக்கு முனை கறுப்புக் கல். ஜீவிதா கைதட்டிவிட்டாள். சம்பந்தியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜெரோம் எழுந்து நின்று வெட்டினான், ஒரு துண்டை வாயில் போட்டான். மென்றான். நிறுத்தினான்.

"அம்மா, இது நம்மூட்டு ஹாமாட்டம் இல்லீங்கம்மா."

பிரிஸ்கில்லா தண்ணீர்ச் சொம்பைப் பிடித்த பிடியில் சொம்பு நசுங்காதது அதிசயம்.

"அது உப்புக் கரிக்கும். இது கரிக்கல" என்றான் ஜெரோம். அடுத்த துண்டை வெட்டினான். அதற்கடுத்ததையும் வெட்டினான். மாமியார் வீட்டில் கூச்சப்பட வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு அதோடு போய்விட்டது.

சம்பந்தியம்மா மெதுவாக, பரிசோதகராகவே மென்றார். பாதியில் விருந்தாளியாகிவிட்டார். "மறைக்கறதுக்கு என்னங்க, எனக்கு வருசா வருசம் உப்புத் தூக்கிக்குமுங்க. என்னதான் அலசுனாலும் போகாது. ஒரு வாசம் வேற வருதுங்களே, என்னது அது? அந்தத் தங்கக் கலரு எதுலீங்க வந்துச்சு?"

"எல்லாங் கைப்பக்குவந்தான் சம்பந்தி" என்றார் பிரிஸ்கில்லா. மூக்காயி பெருமை தாங்காமல் வாயைத் திறந்தார். அந்த வாய்க்குள் ஒரு பெரிய துண்டு ஹாம் உடனடியாகப் போய்ச் சேர்ந்தது. "மொதல்ல நீ சாப்புடுடி, காலைலேருந்து நிக்கிற."

அன்று அந்த மேசையில் ஒரு நாற்காலியும் காலியாக இல்லை. போதாமல் கடையிலிருந்து தையல் ஸ்டூல் ஒன்றும் வந்தது.

சாயந்தரம் கிளம்பும்போதுதான் சம்பந்தியம்மா அதைக் கேட்டார். "ஏனுங்க, அளவுக்கு ஒரு துண்டு கட்டிக் குடுங்க. அடுத்த கிறிஸ்மஸு எங்கூட்லதான், தலைக் கிறிஸ்மஸுதான் முடிஞ்சுபோச்சுங்களே. இதே மாதிரி நாஞ் செஞ்சு போடறன்."

அளவு கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பும் வழக்கம் அந்தக் கடையில் கிடையாது. பிரிஸ்கில்லா சிரித்த முகமாக உள்ளே போய்க் கத்தியை எடுத்தார். மேல்பக்கம் போகாமல், கீறல் விழாத, மஞ்சள் எட்டாத, எலும்பை ஒட்டிய அடிப்பகுதியிலிருந்து தாராளமாக ஒரு துண்டு வெட்டி, வாழையிலையில் சுற்றி, நூல்போட்டுக் கட்டிக் கொடுத்தார். "நல்லாப் பாத்துக்கங்க சம்பந்தி. அளவு இருந்தா எதையும் செஞ்சுறலாம்."

ஈஸ்டருக்கு மறுநாள் போத்தனூரிலிருந்து போன் வந்தது. குரலில் பரிசோதகர் இல்லை.

"ஏனுங்க, கிறிஸ்மஸு வரைக்கும் பொறுக்காம ஈஸ்டருக்கே செஞ்சு பாத்தனுங்க. மென்னு பாத்து, மோந்து பாத்து, எல்லாம் அப்படியேதான் போட்டனுங்க. ஜெரோமு ஒரு துண்டோட எந்திரிச்சுட்டானுங்க. அளவு கையில இருந்தும் வரமாட்டேங்குதுங்களே?"

"சில ஒடம்புக்கு அப்படித்தான் சம்பந்தி" என்றார் பிரிஸ்கில்லா, ஆறுதலாக. "நம்ம கையில எதுவுமில்ல."

பிறகு, "அப்ப கிறிஸ்மஸுக்கு நாங்க எல்லாரும் அங்கயே வந்தர்றமுங்க. ஹாம் இருக்கற ஊட்லதான கிறிஸ்மஸு" என்றார் சம்பந்தியம்மா.

பிரிஸ்கில்லா போனை வைத்துவிட்டு மிசினில் உட்கார்ந்தார். கொக்கி வைத்துக்கொண்டிருந்த மூக்காயி நிமிர்ந்து, "என்னவாம்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. அடுத்த மார்கழிக்கும் நீ மஞ்சள் அரைக்கணுமாம்."